எந்தப் புகைபோக்கியின் புகை? யொக்காய்ச்சி ஆஸ்துமா: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் கெட்டது மீன். 1960 வாக்கில், ஜப்பானின் இசே விரிகுடாவில் பிடித்த மீனைத் தோக்கியோவின் சுகிஜி மீன் சந்தை வாங்கத் தயங்க ஆரம்பித்தது. எத்தனை கழுவினாலும் எண்ணெய் வாடை போகவில்லை.

அந்த விரிகுடாவின் மேற்குக் கரையில், சுசுகா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், இசோசு என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையமும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் வரிசையாக நின்றன. மீன் விலை போகாமல் போன கொஞ்ச காலத்திலேயே ஊர்க்காரர்களுக்கு இரவில் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. ஆயுள் முழுக்க வலை இழுத்துப் பழகிய உடம்புகள் அவை. அதுவரை ஆஸ்துமா என்ற பேச்சே இல்லாத வீடுகளில், 50 வயதுக்கு மேல் புதிதாக இழுப்பு வந்தது. ஊரை விட்டுத் தள்ளிப் போனால் மூச்சு சீராகும், வீடு திரும்பினால் மறுபடி இழுக்கும்.

இதற்கு யொக்காய்ச்சி ஆஸ்துமா என்று பெயர். ஜப்பானின் நான்கு பெரும் மாசு நோய்களில் காற்று வழியாக வந்தது இது ஒன்றுதான். பாதரசக் கழிவால் நோய் வந்த மினமாட்டாவின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். யொக்காய்ச்சியைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. ஆனால் கந்தக டை ஆக்சைடு என்ன செய்யும், அதை யார் தடுக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை. பல புகைபோக்கிகள் ஒரே வானத்தில் புகை விடும்போது, ஒரு முதியவரின் நுரையீரலுக்குள் போன புகை யாருடையது? இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் எல்லாமே நடந்தது.

நான்காம் நாள் சந்தை

யொக்காய்ச்சி என்றால் 'நான்காம் நாள் சந்தை'. நாலு என்று முடியும் தேதிகளில் கூடிய சந்தையால் வந்த பெயர், நம் புதன்சந்தை மாதிரி. மியே மாநிலத்தில், நகோயாவுக்குத் தென்மேற்கே உள்ள பழைய துறைமுக ஊர். நூற்பாலைகளும் மண்பாண்டத் தொழிலும் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை அங்கே பெரிய எரிபொருள் கிடங்கு ஒன்றைக் கட்டியது. 1945 குண்டுவீச்சில் அது அழிந்தது. போருக்குப் பிறகு அந்த நிலம் எண்ணெய்க்கும் வேதிப்பொருளுக்குமான தொழில் வளாகத்துக்குக் கைமாறியது. 1959இல் வளாகம் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கியது. ஊரே அதைக் கொண்டாடியது. அருகிலிருந்த ஷியோஹாமா தொடக்கப் பள்ளியின் பாட்டில்கூட ஆலைகள் நாட்டின் நம்பிக்கை ஒளியாகப் புகழப்பட்டன.

ஜப்பான் அப்போது நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. மத்தியக் கிழக்கிலிருந்து வந்த கச்சா எண்ணெயில் எடுத்த கன எரியெண்ணெயில் கந்தகம் சுமார் 3 சதவீதம் இருந்தது. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கணக்குப் போட்டால்தான் புரியும். கந்தகம் எரியும்போது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மடங்கு எடையுள்ள வாயுவாகிறது. அப்படியானால் ஒரு டன் எண்ணெய் எரித்தால் 30 கிலோ கந்தகம், அதிலிருந்து 60 கிலோ கந்தக டை ஆக்சைடு. ஒரு மின் நிலையம் ஒரு நாளில் ஆயிரம் டன் எரித்தால் 60 டன் வாயு. இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது. அதனால் நிலக்கரிப் புகை மாதிரி துணியில் கரி படிவதில்லை. யொக்காய்ச்சியின் புகைமூட்டத்தை வெள்ளைப் புகைமூட்டம் என்றே சொன்னார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்ததுதான் அதில் பெரிய ஆபத்து.

குளிர்காலத்தில் அங்கே வடமேற்கிலிருந்து பருவக்காற்று அடிக்கும். வளாகத்தைத் தாண்டி வரும் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே இசோசு. காற்றில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டிய மணி நேரங்கள் 1960களில் அங்கே பதிவாயின. ஜப்பான் பின்னாளில் வைத்துக்கொண்ட ஒரு மணி நேர வரம்பு இதில் பத்தில் ஒரு பங்குதான்.

மூக்கின் ஈரமும் மூச்சுக்குழாயின் இறுக்கமும்

தீக்குச்சி உரசியவுடன் மூக்கில் ஏறும் நெடி நமக்கு எல்லாம் பழக்கம். அதில் கந்தக டை ஆக்சைடும் உண்டு. இந்த வாயு தண்ணீரில் சட்டென்று கரையும். மூச்சு இழுத்தவுடன் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிவிடும். அமைதியாக மூக்கால் மூச்சு விடுகிறவருக்குப் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. ஆனால் ஓடுகிற குழந்தையும், துடுப்புப் போடுகிற, வலை இழுக்கிற மனிதரும் வாயால் மூச்சு வாங்குகிறார்கள். அப்போது வாயு நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அங்குள்ள நரம்பு முனைகள் சீண்டப்பட்டு, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு இது நடக்கச் சில நிமிடங்கள் போதும். உலக சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு 24 மணி நேர அளவு (ஒரு கன மீட்டரில் 40 மைக்ரோகிராம்) மட்டும் வைக்காமல் 10 நிமிட அளவு (500 மைக்ரோகிராம்) ஒன்றையும் தனியாக வைத்திருப்பது அதனால்தான். நாள் சராசரி நன்றாக இருக்கும். அந்த நாளின் ஒரு கால் மணி நேரம் ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

வாயுவாக இருப்பது அதன் ஒரு பாதி வாழ்க்கைதான். காற்றில் மிதக்கும்போதே அது கந்தக அமிலமாகவும் சல்பேட் நுண்துகளாகவும் மாறுகிறது. அந்தத் துகள் மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். இதயத்துக்கும் கெடுதல். மழையோடு இறங்கினால் ஏரியும் மண்ணும் புளிக்கின்றன. வாயுவாகவே இலைத் துளைக்குள் புகுந்தால் நரம்புகளுக்கு நடுவே இலை வெளுத்துப்போகும். பளிங்கின் மேல் பட்டால் அது ஜிப்சமாகிப் பொரிந்து உதிரும். மரப்பட்டையில் ஒட்டி வாழும் பாசிக்காளான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செத்துவிடும். கருவி இல்லாத காலத்தில் அதைப் பார்த்தே காற்றின் தரத்தை ஊகித்தவர்கள் உண்டு.

ஷியோஹாமா பள்ளிப் பிள்ளைகளுக்கு மஞ்சள் நிற முகக்கவசம் கொடுத்தார்கள். தினமும் தொண்டை கொப்பளிக்க வைத்தார்கள். ஊரின் மருத்துவமனையில் வடிகட்டிய காற்று உள்ள அறைகளை 1965இல் அமைத்தார்கள். இசோசு மீனவர்களில் சிலர் இரவு அந்த அறையில் படுத்துத் தூங்கி, விடிவதற்கு முன் எழுந்து கடலுக்குப் போய், வேலை முடிந்ததும் மறுபடி மருத்துவமனைக்கே திரும்பினார்கள். சொந்த வீட்டில் மூச்சு விட முடியாமல் மருத்துவமனையைப் படுக்கையறையாக்கிக்கொண்டு, அங்கிருந்து தொழிலுக்குப் போன மனிதர்கள். இந்த ஒரு விவரத்தைப் படித்த பிறகுதான் இந்த வழக்கை முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 1966இலும் 1967இலும் நோயாளிகள் இருவர் தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

பில் கட்டுக்குள் இருந்த சாட்சி

ஆலைகள் சொன்னது எல்லா ஊரிலும் எல்லா ஆலையும் சொல்வதுதான். ஆஸ்துமாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். புகையிலையாக இருக்கலாம், வீட்டுத் தூசியாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம். எங்கள் வாயுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

விடை ஒரு சாதாரணக் காகிதக் கட்டுக்குள் இருந்தது. ஜப்பானில் 1961இலேயே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது. நோயாளிக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று மருத்துவர் மாதாமாதம் பில் எழுதி அனுப்பினால்தான் பணம் வரும். அதாவது யார், எந்தத் தெரு, எந்த வயது, எந்த நோய் என்ற கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டு நகராட்சியில் கிடந்தது. மியே மாநில மருத்துவக் கல்லூரியின் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் கத்சுமி யோஷிதாவும் அவருடைய குழுவும் அந்த பில்களை எடுத்துப் பகுதிவாரியாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஆலைக்கு அருகில் உள்ள பகுதிகள், இன்னொரு பக்கம் தள்ளி இருக்கும் பகுதிகள். அந்தந்தப் பகுதியின் காற்றில் கந்தகம் எவ்வளவு என்ற அளவையும் பக்கத்தில் வைத்தார்கள். கந்தகம் ஏற ஏற ஆஸ்துமாவும் ஏறியது. வயதானவர்களிடம் இந்த வேறுபாடு பல மடங்கு. புகையிலையும் பரம்பரையும் தூசியும் ஆற்றின் இரு கரையிலும் ஒரே மாதிரிதானே இருக்கும்? மாறியது காற்று மட்டும்.

புதிய கருவியும் கோடிக்கணக்கில் செலவும் இதற்குத் தேவைப்படவில்லை. எல்லோர் கையிலும் இருந்த கணக்கைச் சரியான கேள்வியோடு புரட்டிப் பார்த்த ஒருவர் தேவைப்பட்டார். 1965 மே மாதம் யொக்காய்ச்சி நகராட்சி தன் சொந்தச் செலவில் மாசு நோயாளிகளுக்கு மருத்துவ உதவி தொடங்கியது. முதலில் 18 பேர் அங்கீகரிக்கப்பட்டார்கள். நாட்டிலேயே அப்படி ஒரு திட்டம் அதுதான் முதல்.

உயரமாகக் கட்டினால் போதுமா?

மத்திய அரசு அனுப்பிய நிபுணர் குழு 1964இல் சொன்ன யோசனைகளில் முக்கியமானது, புகைபோக்கிகளை உயர்த்துவது. கட்டினார்கள். இசோசுவில் உச்ச அளவுகள் குறைந்தன, அதுவரை தொந்தரவு இல்லாத பகுதிகளுக்கு வாயு பரவியது. 1968இல் வந்த காற்று மாசுத் தடுப்புச் சட்டமோ ஒரு புகைபோக்கி எவ்வளவு விடலாம் என்பதை அதன் உயரத்தின் வர்க்கத்தோடு கட்டிவைத்தது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு விடலாம் என்று ஆகிவிட்டது. விடுகிற கந்தகத்தில் ஒரு கிலோகூடக் குறைக்காமல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்க முடிந்தது.

கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைக்கு 381 மீட்டர் புகைபோக்கி 1972இல் இயங்கத் தொடங்கியதும் இதே யோசனையில்தான். சட்பரி ஊருக்குள் காற்று தெளிந்தது. வாயு வெகுதூரத்து ஏரிகளுக்குப் போனது. பிரிட்டனின் கந்தகம் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் மீனைக் கொன்றதும் இந்த வகைதான். உயரம் செய்வது பங்கிட்டுக் கொடுப்பது மட்டுமே.

இதற்கிடையே கடலும் சும்மா விடப்படவில்லை. 1963 ஜூனில் இசோசு மீனவர்கள் அனல் மின் நிலையத்தின் கழிவுநீர் வாயை அடைக்கக் கிளம்பினார்கள். 1969 டிசம்பரில் கடலோரக் காவல் அதிகாரி முனேயாகி தாஜிரி, இஷிஹாரா சங்க்யோ ஆலை கந்தக அமிலக் கழிவைத் துறைமுகத்தில் விட்டதைக் கையும் களவுமாகப் பிடித்தார். காற்றில் போன கந்தகமும் தண்ணீரில் போன கந்தகமும் ஒரே கரைக்குத்தான் வந்துசேர்ந்தன.

ஒன்பது பேர், ஆறு நிறுவனங்கள்

1967 செப்டம்பர் 1 அன்று இசோசுவைச் சேர்ந்த ஒன்பது நோயாளிகள் ஆறு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள்: ஷோவா யொக்காய்ச்சி ஆயில், சூபு எலக்ட்ரிக், இஷிஹாரா சங்க்யோ, மிட்சுபிஷி குழுமத்தின் மூன்று வேதி நிறுவனங்கள். அந்தக் காலத்து யொக்காய்ச்சியில் இது சின்ன விஷயமில்லை. உறவினர் யாராவது ஒருவராவது ஆலையில் வேலை பார்த்த ஊர். வழக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நடந்தது. தீர்ப்பைக் கேட்க ஒன்பதில் இருவர் உயிரோடு இல்லை.

நிறுவனங்கள் சொன்ன பதிலில் வலுவானது இது: ஒவ்வொருவரும் சட்ட வரம்புக்குள்தான் விட்டோம், எங்களில் யாருடைய புகை யாருடைய நோய்க்குக் காரணம் என்று பிரித்துக் காட்டுங்கள். யாராலும் காட்ட முடியாதுதான். வாயு கலந்துவிட்ட பிறகு அதில் முத்திரை இருக்காது.

1972 ஜூலை 24 அன்று சூ மாவட்ட நீதிமன்றத்தின் யொக்காய்ச்சிக் கிளையில், நீதிபதி கியோஷி யோனெமோத்தோ தலைமையிலான அமர்வு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. யோஷிதா குழுவின் நோய்ப்பரவல் கணக்கைக் காரணத்துக்கான நிரூபணமாக ஏற்றுக்கொண்டது. ஆறு நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து பொறுப்பு என்றது. பக்கத்துப் பக்கத்தில் ஆலை கட்டி, ஒரே நேரத்தில் புகை விட்டால் அது கூட்டுத் தவறு. மிட்சுபிஷி நிறுவனங்கள் மூன்றும் குழாய் வழியே ஒன்றுக்கொன்று மூலப்பொருள் கொடுத்து ஒரே உடம்பு மாதிரி இயங்கியதால், அவற்றில் குறைவாக விட்டதும் முழுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வரம்புக்குள் இருந்தோம் என்பதும் தப்புவிக்காது. குடியிருப்புக்கு அருகில் இடம் தேர்ந்ததே கவனக்குறைவு. மனித உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து என்றால், லாபக் கணக்குப் பார்க்காமல் உலகிலேயே சிறந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. ஆலைகளை வரவேற்று அழைத்த அரசுகளின் தவறையும் அது விட்டுவைக்கவில்லை.

இழப்பீடு சுமார் 8 கோடியே 80 லட்சம் யென். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்யவில்லை. அதே ஆண்டில், வழக்கில் சேராத 100க்கும் மேற்பட்ட இசோசு நோயாளிகளும் நேரடிப் பேச்சுவார்த்தையில் இழப்பீடு பெற்றார்கள். பள்ளிப் பாட்டின் வரிகளும் மாற்றப்பட்டன.

தீர்ப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், நான்காம் வகுப்புப் படித்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்துமாவில் இறந்தாள்.

மொத்தம் எவ்வளவு?

சட்டத்தை மாற்றியது தீர்ப்பு மட்டுமல்ல. 1972 ஏப்ரலிலேயே மியே மாநிலம் வேறு வழிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு புகைபோக்கியின் வாயிலும் செறிவு எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்த ஊரின் காற்று எவ்வளவு கந்தகத்தைத் தாங்கும் என்று முதலில் கணக்கிட்டார்கள். அந்த மொத்தத்தை ஆலைகளுக்குப் பங்கு போட்டார்கள். யோஷிதாவும் இந்தக் கணக்கில் பங்கெடுத்தார். என் பார்வையில் இந்த வழக்கு உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை இதுதான். செறிவு வரம்பைக் காற்றைக் கலந்தே ஏமாற்றலாம், உயர வரம்பைக் கான்கிரீட் ஊற்றி ஏமாற்றலாம். மொத்த டன் கணக்கை ஏமாற்ற வழியில்லை. கந்தகத்தை எடுத்தே ஆக வேண்டும்.

எடுத்தார்கள். எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துச் சூடாக்கி எரிப்பதற்கு முன்பே கந்தகத்தைப் பிரித்தார்கள். எரித்த பின் வரும் புகையைச் சுண்ணாம்புக் கரைசலில் கழுவி, வாயுவை ஜிப்சமாக்கினார்கள். அந்த ஜிப்சம் சிமெண்டுக்கும் சுவர்ப் பலகைக்கும் போனது. குறைந்த கந்தக எண்ணெய் வாங்கினார்கள். 1973இல் நாடு முழுவதற்கும் மாசு நோயாளி இழப்பீட்டுச் சட்டம் வந்தது. புகைபோக்கி வைத்திருக்கும் ஆலைகள் விட்ட கந்தகத்துக்கு ஏற்பத் தீர்வை கட்ட வேண்டும். நிதியில் 80 சதவீதம் அங்கிருந்து, மீதி 20 சதவீதம் வாகன வரியிலிருந்து. கந்தகம் விடுவதற்கு விலை வந்ததும் அதை விடாமல் இருக்கும் வழிகள் வேகமாகக் கிடைத்தன.

நம் கணக்கு

இந்தியா 2015 டிசம்பரில் அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு வரம்பு விதித்தது. இரண்டே ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்தது. தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 முடிவுக்குள் புகை கழுவும் அமைப்பு வைக்க வேண்டும். ஏற்கெனவே மாசு மிகுந்த இடங்களில் இருப்பவை தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும். மீதி நிலையங்களுக்கு, அதாவது பெரும்பான்மைக்கு, விலக்கு. விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: புகைபோக்கி குறிப்பிட்ட உயரம் இருக்க வேண்டும்.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, அரை சதவீத அளவுதான் என்பது விலக்குக்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. உண்மைதான். ஆனால் அந்த அரை சதவீதமும் ஒரு டன்னுக்குப் 10 கிலோ வரை வாயு தரும். நாம் எரிப்பது ஆண்டுக்குப் பல கோடி டன்கள். உயரத்தால் அது மறைவதில்லை என்பதை யொக்காய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறது. தள்ளிப்போய் சல்பேட் துகளாக மாறி, நகரம் என்ற பட்டியலில் இல்லாத ஊர்களிலும் இறங்கும்.

எண்ணூர், மணலிப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இசோசுவின் கதையை விளக்கவே வேண்டாம். ஆற்று முகத்துவாரம், மீனவர் குப்பங்கள், சுற்றிலும் அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரம், வேதிப்பொருள். எந்த ஆலையின் புகை என்ற கேள்வி அங்கேயும் கேட்கப்படும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஓ.பி. பதிவேடு இருக்கிறது. வீசிங் என்று வந்தவருக்கு நெபுலைசர் வைத்த தேதியும் வயதும் ஊரும் அதில் இருக்கும். அவற்றைக் குப்பம் குப்பமாகப் பிரித்து, காற்று அளவீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். யோஷிதா செய்தது அதுதான். நம் மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகளால் அதைச் செய்ய முடியும்.

1976க்குப் பிறகு

யொக்காய்ச்சியின் காற்று 1976இல் கந்தக டை ஆக்சைடு தரத்தை எட்டியது. இன்று அங்கே மாசு வரலாற்றுக்காக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, 2015இல் நகராட்சி திறந்தது. மாசு நோயாளிகளாக அங்கீகரிக்கப்பட்டவர்கள் மொத்தம் 2,219 பேர். புதியவர்களைப் பதிவு செய்வது 1988 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. காற்று தெளிந்துவிட்டதாக அறிவித்த பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டியலில் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருந்தன.